பருப்புத் தண்ணியும் புரதக் கணக்கும்

மச்சம் சாப்பிடுவதை விட்டுவிட்டேன் என்று கம்பஸில் யாராவது சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அப்போ புரதத்துக்கு என்ன செய்றீங்க?" கேட்கிறவருடைய தட்டைப் பார்த்தால் சோறு மலை மாதிரி இருக்கும், பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் துண்டு. சில நாளில் துண்டும் இல்லை, குழம்பு மட்டும்தான். அவரிடம் யாரும் புரதக் கணக்குக் கேட்பதில்லை. மரக்கறிக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடாமல் பேச நினைக்கிறோம். அதற்கு இரண்டு காரணம். எங்கள் நண்பர் வட்டத்தில் முழுத் தாவர உணவுக்கு மாறுகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. தீட்டித் தீட்டிச் சக்கையான மாவும் சீனியும் குறைவு. தானியம், பருப்பு, காய், கீரை, பழம், விதை இவைதான் சாப்பாடு. சிலர் யூட்யூப் பார்த்து மாறினார்கள், சிலர் விலங்குகள் மேலுள்ள இரக்கத்தால், சிலர் சூழலைப் பற்றி யோசித்து. இது முதல் காரணம். இரண்டாவது காரணம் பேராதனையிலிருந்து பார்த்தாலே தெரிகிற மலைகளில் இருக்கிறது. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை என்று போனால், எந்த வீடியோவும் பார்க்காமலே பல தலைமுறையாகப் பெரும்பாலும் தாவர உணவிலேயே வாழ்கிற குடும்பங்கள் லயங்களில் இருக்கின்றன. கோழியும் மீனும் சம்பள நாளுக்கும் திருநாளுக்கும் வரும். கருவாடு குழம்புக்கு வாசம் கொடுக்க வரும். மற்ற நாட்களில் ரொட்டி, சம்பல், சோறு, ஒரு மரக்கறி, கொஞ்சம் பருப்பு. இவர்களிடம் "புரதத்துக்கு என்ன செய்றீங்க" என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தாவர உணவில் புரதம் போதும். ஆனால் பருப்பு, பயறு, கடலை இவை தட்டில் கறியாக இருக்க வேண்டும், சோற்றை நனைக்கிற தண்ணியாக இருந்தால் போதாது. அப்படிப் போதாமல் போவதற்குக் காரணம் செடிகளில் இல்லை. நம்ம பரிமாறும் பழக்கத்திலும், கடை விலையிலும், தோட்டத்துச் சம்பளத்திலும் இருக்கிறது.

கலைப்பீடத்துக்காரர்களுக்குக் கணக்கு வராது என்பார்கள். இந்தக் கணக்குச் சின்னதுதான். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் ஐ.நா. பல்கலைக்கழகமும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் நல்ல புரதம் என்று சொல்கிறது. தாவரப் புரதம் செரிப்பது கொஞ்சம் குறைவு என்பதால் நாங்கள் ஒரு கிலோவுக்கு 1 கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்கிறோம். 50 கிலோ எடை என்றால் 50 கிராம். வளர்கிற பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கிற தாய்மாருக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும்.

இப்போது மலைநாட்டுச் சாப்பாடு ஒன்றை எடுத்துப் பார்ப்போம். காலையில் 100 கிராம் கோதுமை மாவில் சுட்ட ரொட்டி: ஏறக்குறைய 10 கிராம் புரதம். மதியமும் இரவும் 125 கிராம் அரிசிச் சோறு: வேளைக்கு 9 கிராமை ஒட்டி, இரண்டுக்கும் 18 கிராம். தேங்காய், மரக்கறி, கீரை எல்லாம் சேர்த்து 3, 4 கிராம். பருப்பு எவ்வளவு? தண்ணியாகக் கரைத்து இரண்டு கரண்டி ஊற்றினால் அதில் காய்ந்த பருப்பு 15 கிராம் இருந்தாலே பெரிசு. காய்ந்த பருப்பில் நூற்றுக்கு 24 கிராம் புரதம். இரண்டு வேளைக்கு 7 கிராம். ஆகமொத்தம் 39 கிராம். பதினொரு கிராம் குறைகிறது.

அதே சாப்பாட்டில் வேளைக்கு 15 கிராமுக்குப் பதில் 40 கிராம் பருப்பைப் போடுங்கள். கெட்டியாக ஒரு சின்னக் கோப்பை வரும். பருப்பிலிருந்து மட்டும் 19 கிராம். மொத்தம் 50ஐத் தாண்டிவிடுகிறது. பின்னேரம் ஒரு கை அவித்த கடலை சாப்பிட்டால் இன்னும் 8 கிராம். இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பவுடர் இல்லை. பிரச்சினை தீர்ந்தது பருப்பின் அளவு மாறியதால்.

இங்கே படித்தவர்கள் ஒரு சந்தேகம் எழுப்புவார்கள். தாவரப் புரதம் அரைகுறைப் புரதமாமே? ஓரளவு உண்மை, பெரும்பாலும் பழைய பயம். நம் உடம்பால் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களைச் சாப்பாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒன்பதும் அரிசியிலும் இருக்கின்றன, பருப்பிலும் இருக்கின்றன. அளவுதான் வித்தியாசம். அரிசி, கோதுமையில் லைசின் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு. அதை அரிசி நிரப்புகிறது. அமெரிக்காவில் பிரான்சிஸ் மூர் லாப்பே என்பவர் 1971இல் எழுதிய புத்தகம் ஒன்று, இரண்டையும் ஒரே வேளையில் கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பரப்பியது. பத்து வருடம் கழித்து வந்த மறுபதிப்பில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். ஒரு நாளுக்குள் பல வகையும் சாப்பிட்டு, வயிறும் நிறைந்தால் போதும்.

பருப்பும் சோறும், உளுந்தும் அரிசியும் சேர்ந்த தோசை, பயறு போட்ட பொங்கல், சிங்கள வீடுகளில் செய்கிற முங் கிரிபத் எல்லாமே இந்தச் சேர்க்கைதான். உடனே "பாத்தீங்களா, நம்ம முன்னோருக்கு எல்லாம் தெரியும்" என்று தொடங்கிவிட வேண்டாம். கிடைத்ததை ருசியாகச் சாப்பிட்டார்கள், அது உடம்புக்கும் ஒத்துப்போனது. தோசை எல்லா வீட்டிலும் எல்லா நாளும் சுட்டதும் இல்லை. லயத்து வீட்டில் தோசை என்றால் தீபாவளி என்ற காலமும் இருந்தது.

சரி, கண்டியில் என்ன கிடைக்கும்? மத்திய சந்தையில் ஒரு சுற்றுப் போனால் போதும். மைசூர்ப் பருப்பு, கடலை, பயறு, கௌபி, உளுந்து, கச்சான், எள்ளு. பயறு, கௌபி, உளுந்து எல்லாம் காய்ந்த நிலையில் நூற்றுக்கு 24, 25 கிராமை ஒட்டிய புரதம் உள்ளவை. கச்சானும் அப்படித்தான். கடலையில் 20. சோயா அவரை எல்லாவற்றுக்கும் மேலே, 36. பலாக் காலத்தில் பலாக்கொட்டை கிட்டத்தட்டச் சும்மாவே கிடைக்கும். அதில் புரதம் ஏறக்குறைய 6 கிராம்தான் என்றாலும், வெறும் மரவள்ளிக் கிழங்கைவிட எவ்வளவோ மேல். மரவள்ளியில் 1 கிராமுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. பஸ்ஸில் ஏறி "கடலை, கடலை" என்று கூவுகிறவர் கையிலுள்ள பொட்டலம் எந்தப் பவுடருக்கும் குறைந்ததில்லை.

பவுடர் என்றதும் ஜிம் போகிற தம்பிமார் ஞாபகம் வருகிறது. டவுனில் பெரிய டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கும் கடைகள் பெருகிவிட்டன. ஒரு கரண்டியில் 24, 25 கிராம் புரதம் என்று டப்பாவில் போட்டிருக்கும். அதே அளவு 100 கிராம் காய்ந்த பருப்பில் இருக்கிறது. பருப்புக் கறிக்கு விளம்பரம் இல்லை, முறுக்கேறிய கைகளின் படம் இல்லை. பாரம் தூக்குகிறவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும் என்பது உண்மைதான். அதற்காக வீட்டில் அனுப்புகிற காசில் பாதியை டப்பாவில் போட வேண்டியதில்லை. கடலையும் கச்சானும் சோயாவும் கூட்டினால் ஒரு கிலோவுக்கு ஒன்றரைக் கிராம் வரைக்கும் எட்டலாம்.

சோயா மீற் பற்றிச் சொல்லாமல் இலங்கையில் யாரும் புரதம் பேச முடியாது. எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்திச் செய்கிற அந்தத் துண்டுகளில் எடையில் கிட்டத்தட்டப் பாதி புரதம். 90 கிராம் பக்கட் ஒன்றை நாலு பேர் பகிர்ந்தாலும் ஆளுக்குப் பத்துக் கிராம் கிடைக்கும். முழு உணவு மட்டும்தான் என்பவர்கள் இதை ஒதுக்குவார்கள். அது பதப்படுத்தியது, கூட வருகிற மசாலாத் தூளில் உப்பும் அதிகம். நாங்கள் அவ்வளவு கறாராக இல்லை. தூளைக் குறைத்து வீட்டு மசாலா போட்டுச் சமைத்தால் மாதக் கடைசிக்கு நல்ல துணை. ஆனால் சோயாவுக்கும் இந்த ஊருக்கும் பக்கட்டைவிடப் பழைய உறவு இருக்கிறது. 1970களில் சோயாவை இங்கே பயிரிட்டு வீட்டுச் சாப்பாடாக்கப் பெரிய முயற்சி நடந்தது. கம்பஸுக்குப் பக்கத்திலேயே, கன்னொருவையில், சோயா உணவு ஆராய்ச்சி நிலையம் வந்தது அந்த முயற்சியில்தான். 1973இல் தொடங்கிய திரிபோஷ மாவின் பெரும்பகுதியும் சோளமும் சோயாவும்தான். கர்ப்பிணித் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசாங்கம் கொடுக்கிற சத்துணவே அடிப்படையில் தாவரப் புரதம் என்றால், "செடியில் சத்து எங்கே" என்ற கேள்விக்கு இந்த நாடு ஐம்பது வருடத்துக்கு முன்னரே பதில் சொல்லிவிட்டது.

அப்படியானால் ஏன் மலையகத்தில் குறை? 2016இல் எடுத்த மக்கள்தொகை மற்றும் சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 17.3. தோட்டப்புறத்தில் 31.7. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பிள்ளை. இதற்குப் புரதக் குறை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். தாயின் உடல்நிலை, சுத்தமான தண்ணி, கழிப்பறை, அடிக்கடி வரும் வயிற்றோட்டம் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் மா ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் மட்டுமாக நாள் போகிற வீட்டில் பிள்ளை வளரப் போதிய புரதம் வராது. இன்னொன்றும் உண்டு. மொத்தச் சாப்பாடே குறைந்தால், உள்ளே போகிற கொஞ்சப் புரதத்தையும் உடம்பு விறகாக எரித்துவிடும். மேட்டில் ஏறிக் கொழுந்து எடுத்து, கூடை சுமந்து இறங்குகிற உடம்புக்கு முதலில் வயிறு நிறைய வேண்டும்.

இந்தச் சாப்பாட்டுக்கு வரலாறு இருக்கிறது. தேயிலை இந்த மலைகளுக்கு வந்தது 1867இல், தெல்தோட்டைக்குப் பக்கத்து லூல்கந்துரையில். மலை முழுக்க ஏற்றுமதிப் பயிர்; வேலை செய்கிறவருக்கு அரிசியும் மாவும் வெளியிலிருந்து வர வேண்டும். சொந்தமாகப் பயறு விதைக்க நிலம் இல்லை. அதனால் 1973, 74 உணவுத் தட்டுப்பாட்டில் பங்கீடு வெட்டப்பட்டபோது அதிகமாக அடிபட்டது தோட்டங்கள்தான். 1974இல் தோட்டப்புறத்து இறப்பு விகிதம் கூர்மையாக ஏறியது. மரவள்ளியையும் இலை தழையையும் அவித்துத் தின்று உயிர் பிழைத்த கதையை மலையகத்து வயதானவர்களிடம் இன்றும் கேட்கலாம். அவர்கள் சாப்பிட்டதும் தாவர உணவுதான். தாவர உணவு என்ற பெயர் மட்டும் ஒரு சாப்பாட்டை நல்லதாக்கிவிடாது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

2022ஐ நாங்களே பார்த்தோம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவு விலை ஒரே வருடத்தில் நூற்றுக்கு 94.9 ஏறியிருந்தது. சோளம் கிடைக்காமல் திரிபோஷ விநியோகமும் தடைப்பட்டது. மைசூர்ப் பருப்பு இங்கே விளைவதில்லை, கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து கப்பலில் வருகிறது. டொலர் ஏறினால் பருப்பும் ஏறும். அதற்கு முன்னர், உளுந்து, பயறு, கௌபி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது உள்ளூர் விளைச்சல் அந்த இடத்தை நிரப்பப் போதவில்லை. உளுந்து விலை எகிறி, உளுந்து வடை பணக்கார வடையானது. உள்ளூரில் விளைய வேண்டும் என்பது நல்ல ஆசைதான். விதை, களஞ்சியம், நியாய விலை எதுவும் கொடுக்காமல் கதவை மட்டும் பூட்டினால் தண்டனை சாப்பிடுகிறவருக்குத்தான்.

சம்பளத்தையும் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு வருடக்கணக்கில் போராட்டம் நடந்து, 2021 மார்ச்சில்தான் வர்த்தமானி வந்தது. அடுத்த வருடமே விலைவாசி அதைத் தின்றுவிட்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350 ஆனது. நாங்கள் சொன்ன கணக்கை ஒரு வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேர், இரண்டு வேளை, வேளைக்கு 40 கிராம். நாளைக்கு 320 கிராம், மாதத்துக்கு ஏறக்குறைய 10 கிலோ பருப்பு வகை. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கொழுந்து எத்தனை கிலோ என்று பேசுகிறார்கள். இந்தப் பத்துக் கிலோவையும் யாராவது பேச வேண்டும்.

வீட்டுக்குள்ளும் ஒரு அரசியல் இருக்கிறது. சட்டியின் அடியில் பருப்பு கெட்டியாக இருக்கும், மேலே தண்ணி. முதலில் ஆம்பளைகளுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு, கடைசியில் அம்மாவுக்கு. அவவுக்கு மிஞ்சுவது வழித்தெடுத்த குழம்பும் அடிச்சோறும். வீட்டிலேயே அதிகம் உழைக்கிறதும் அவ, வயிற்றில் பிள்ளையைச் சுமந்ததும் அவ. ரெண்டு கரண்டியை எடுத்து முதலிலேயே அம்மாவுக்கு ஒதுக்கி வைக்க எந்தப் போராட்டமும் தேவையில்லை. வீட்டிலிருக்கிற தம்பி தங்கச்சிமாரே, இதை நீங்களே செய்யலாம்.

முழுத் தாவர உணவுக்கு மாற நினைக்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பி12 விட்டமின் செடிகளில் நம்பிச் சாப்பிடுகிற அளவுக்கு இல்லை. பாலையும் முட்டையையும் சேர்த்து விட்டால் மாத்திரை கட்டாயம் வேண்டும், பருப்பு இதற்கு மாற்றாகாது. இரண்டாவது, இரும்புச் சத்து. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் தாவர உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வது குறைகிறது. தேயிலை நாட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான்! ஆனாலும் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள், பருப்பிலும் கீரையிலும் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன்னர் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய் யாருடைய தட்டையும் அசிங்கப்படுத்த வேண்டாம். நம்ம சமூகத்தில் "சைவம்" என்ற சொல்லுக்குச் சாதியின் வாசம் உண்டு. மாட்டிறைச்சி சாப்பிடுகிறவரைக் கீழே வைக்க அது எத்தனையோ தடவை பயன்பட்டிருக்கிறது. 2020இல் மாடு அறுப்பதைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, அது யாரைக் குறிவைத்தது என்பது கண்டியில் வாழ்கிற நமக்குத் தெரியாததில்லை. கிழமைக்கு ஒரு நாள் இறைச்சி கண்ட வீட்டுக்கு அந்த ஒரு நாள் பெரிய விஷயம். அதை யாரும் பறிக்கத் தேவையில்லை. மற்ற ஆறு நாளும் பருப்புக் கெட்டியாக இருக்கட்டும் என்பதுதான் எங்கள் பேச்சு.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. போர்டிங்கில் சமைக்கிற மாணவர்கள் இரவில் ஒரு கோப்பை கடலையோ கௌபியோ ஊறவைத்துப் படுக்கலாம். காலையில் அவித்தால் நாள் பூராவுக்கும் வரும். மரக்கறிச் சோத்துப் பார்சல் வாங்குகிறவர்கள் நாலாவது மரக்கறிக்குப் பதில் இன்னொரு கரண்டி பருப்புக் கேட்கலாம். வாழைப்பூவும் பீட்ரூட்டும் நல்லதுதான், புரதத்துக்கு அவை உதவாது. கன்னொருவையில் கிராமத்துப் பெண்கள் நடத்துகிற ஹெல பொஜுன் மாதிரி உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகள் தோட்டப் பக்கத்து டவுன்களிலும் வர வேண்டும். பாடசாலை மதிய உணவில் பயறும் கடலையும் வாரத்தில் எல்லா நாளும் இருக்க வேண்டும். தொழிற்சங்கங்களில் இருக்கிற தோழர்கள் அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது அந்தப் பத்துக் கிலோவின் கடை விலையை எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அடுத்த முறை யாராவது "புரதத்துக்கு என்ன செய்றீங்க" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். நல்ல கேள்வி. பதிலைச் சொல்லிவிட்டு, அதே கேள்வியைத் தோட்டத்து முன்பள்ளியிலும், கம்பனி அலுவலகத்திலும், வரவுசெலவுத் திட்டம் வாசிக்கிற இடத்திலும் கேட்க அவரையும் கூப்பிடுங்கள். நாங்களும் வருகிறோம்.